மக்காவுக்கு இரண்டு டிக்கெட்

ஜனவரி 5

பெயிண்ட் கம்பெனி கொடுத்த டைரி இது. வருடா வருடம் ஐந்து வரும். ஐந்தையும் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கொடுத்துவிடுவார். அவர்கள் அதில் ஒரு வரிகூட எழுதுவதில்லை. இந்த வருடம் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறேன். கடை என் பேரில் இருக்கிறது.

தாராபுரத்தில் நாங்கள் இந்தக் கடையைப் போட்டபோது அவர் பேரில் வேறொரு கம்பெனியின் டீலர்ஷிப் இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு தரமாட்டோம் என்றார்கள். "பேரு மட்டும் உன்னுது, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு பழைய டீலர்ஷிப் கைவிட்டுப் போனது. மற்றதெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் காலையில் பதினொரு மணிக்கு வந்து பேப்பர் படிக்கிறார். கலர் கலக்கும் மிஷினில் நிற்கிறவள் நான். போர்டில் மட்டும் நாச்சிமுத்து பெயிண்ட்ஸ்.

இன்று கடையில் போன் பேசிக்கொண்டிருந்தார். "டார்கெட் அடிச்சாச்சுடா! மக்காவு! ரெண்டு டிக்கெட்! துணி எடுத்து வைய்யி!" விற்பனை டார்கெட்டைத் தொட்டால் கம்பெனி செலவில் வெளிநாட்டு டூர் உண்டு. பேசியது அவருடைய பங்காளி வெள்ளியங்கிரியிடம். நான் மூன்றடி தள்ளி நின்று ஒருவருக்கு இளம்பச்சை கலக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லவில்லை. சாப்பிட வந்தபோதும் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு கம்மி என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி 9

மக்காவ் என்பது சீனாவை ஒட்டிய ஊராம். ஊர் முழுக்கச் சூதாட்ட மாளிகைகள். இவர்கள் இரண்டு பேரும் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள். பணத்துக்குப் பதில் புளியங்கொட்டை. வெள்ளியங்கிரி போனில் பார்த்து விளக்குகிறான். இரண்டு இரண்டு சீட்டு போட வேண்டும், ஒன்பதுக்குப் பக்கத்தில் யார் வருகிறார்களோ அவர்கள் பக்கம் கட்டியவனுக்கு லாபம். இவ்வளவுதான் ஆட்டம். இதற்கு இரண்டு பேர் மூன்று நாளாக மூளையைக் கசக்குகிறார்கள்.

"அண்ணி, டீ" என்றான் வெள்ளியங்கிரி, சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அடுப்புக்கு வழி தெரியுமில்ல?" என்றேன். அவர் முறைத்தார். கடைசியில் நான்தான் போட்டேன். ஏலக்காய் போடவில்லை.

இது இவர்களுக்கு மூன்றாவது டூர். முதலில் பாங்காக், பிறகு கொழும்பு. மற்ற டீலர்கள் பெண்டாட்டியோடு வருவார்கள், இவர் பங்காளியோடு போவார். திரும்பி வந்தால் எனக்கு ஒரு தைலம், ஒரு சாவிக்கொத்து. நான் ஒன்றும் ஏங்கிப் போய்விடவில்லை. எனக்கு இங்கே ஆயிரம் வேலை.

ஜனவரி 12

பொங்கல் கூட்டம். சுண்ணாம்பு வாங்கக்கூட நேரமில்லாமல் என் வீட்டுச் சுவர் அப்படியே கிடக்கிறது. பெயிண்ட் கடைக்காரி வீடு.

ஜனவரி 17

இன்று சிரித்தேன். அடக்க முடியாமல் குடோனுக்குள் போய் நின்று சிரித்தேன்.

கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் திலீபன் வந்திருந்தார். புதிதாக வந்த பையன், மரியாதை தெரிந்தவன். போன டூரில் சிலர் டிக்கெட்டை யார் யாருக்கோ விற்றுவிட்டார்களாம். அதனால் இந்த முறை யார் பேரில் கடை இருக்கிறதோ அவர்கள் நேரில் வந்தாக வேண்டும். கூட வர வீட்டு ஆள் ஒருவர். அவ்வளவுதான்.

"அப்ப நம்ம கடையில வசந்தாமணி மேடம்தான் சார் டீலர். நீங்க மேடத்தோட கூடப் போற ஆளு" என்றார் திலீபன்.

என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப் போனது. "அவளுக்கு ஏரோப்பிளேன்னாலே தலை சுத்தும்பா" என்றார்.

நான் ஏரோப்பிளேனில் ஏறியதே இல்லை. பெங்களூரில் வேலை செய்யும் மகள் கிருத்திகா, "எப்பவாவது உதவும்" என்று இழுத்துக்கொண்டு போய் எனக்கு எடுத்த பாஸ்போர்ட் எல்லாப் பக்கமும் வெறுமையாகப் பீரோவில் கிடக்கிறது.

"சுத்துனா சுத்தட்டுங்க" என்றேன் திலீபனிடம். "எந்தத் தேதி?"

மார்ச் நான்கு.

ஜனவரி 18

காலையில் பூப்போலப் பேசினார். கலியாணமான புதிதில்கூட இப்படிப் பேசியதில்லை.

"அம்மிணி, தை மாசி கலியாண சீசன். ஊரெல்லாம் வீட்டுக்கு வெள்ளையடிப்பாங்க. கடையை யாரு பாக்கறது? நீ இல்லாம அந்த மிஷினு ஒரு டப்பாக் கலக்குமா?"

பத்தொன்பது வருடத்தில் என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. நான் வெங்காயம் அரிந்தேன். அவரே விஷயத்துக்கு வந்தார். எனக்கு உடம்பு சரியில்லை, பயணம் ஆகாது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். டாக்டர் சர்ட்டிபிகேட் வெள்ளியங்கிரி வாங்கித் தருவானாம். டீலருக்கு உடம்பு முடியாவிட்டால் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் போகலாம் என்று கம்பெனியில் பேசி வைத்திருக்கிறாராம்.

"என்ற உடம்புக்கு என்னங்க? கல்லாட்டம் இருக்கறன்."

"எழுதத்தானே சொல்றேன். உனக்கு நெசமாவா ஒண்ணு வரப்போகுது?"

"மாட்டேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். சட்டினியோடு சேர்த்து நான்கு இட்லி வீண். அவர் கோபத்தில் எப்போதும் நான் சமைத்ததுதான் குப்பைக்குப் போகிறது.

ஜனவரி 20

மூன்று வேளையும் வெள்ளியங்கிரி வீட்டில் சாப்பாடு. நிம்மதி. அவன் பெண்டாட்டிதான் பாவம்.

ஜனவரி 24

சும்மா போனைத் தட்டும்போது மக்காவ் வீடியோ ஒன்று வந்தது. ஓட்டலுக்குள்ளேயே கால்வாய் வெட்டிப் படகு விடுகிறார்கள். கூரையில் வானத்தை வரைந்திருக்கிறார்கள். மேகம் அசலாக இருக்கிறது. அந்த நீலத்தை எதில் எதைக் கலந்து எடுத்தார்கள் என்று பார்ப்பதற்காக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். வேறு ஆசை ஒன்றுமில்லை.

கிருத்திகா போன் செய்தாள். "அம்மா, புடவைய கட்டிக்கிட்டு அங்க நடக்க முடியாது, சுடிதார் எடு. நல்ல ஷூ வாங்கு" என்றாள். நான் போவதே உறுதி இல்லை, எனக்கு அதில் பிடிப்பும் இல்லை என்றேன். சாயங்காலம் வேறு வேலையாகக் கடைவீதிக்குப் போனபோது ஷூ கண்ணில் பட்டது. சாம்பல் நிறம். குடோனுக்குள் நான்கு நடை நடந்து பார்த்தேன். கடிக்கவில்லை.

ஜனவரி 29

மதியம் கடை போன் அடித்தது. நாமக்கல் டீலர் வீட்டம்மா ஜோதிமணியாம். இந்தக் கம்பெனி டூரில் எல்லாம் புருசனோடு போகிறவர். என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"வெளிய போயிருக்காருங்க. நான் அவங்க வீட்டுக்காரி பேசறேன்."

"வசந்தாமணியா? நீங்களேவா பேசறீங்க? சாமி! நல்லாப் பேசறீங்களே!" என்று அந்தப் பக்கம் குரல் உடைந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாமக்கல்லில் உள்ளவர்களுக்குத்தான் பேச வருமா? "எல்லாரும் பேசற மாதிரித்தானுங்க பேசறன்" என்று போனை வைத்துவிட்டேன். கிறுக்குப் பிடித்த பொம்பளை.

பிப்ரவரி 2

டூர் ஏற்பாடு செய்யும் ஆபீசிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். என் ரூம் லிப்ட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்களாம், பாத்ரூமில் பிடித்து எழக் கம்பி இருக்கிறதாம். பெரிய ஓட்டல் என்றால் இதெல்லாம் இருக்கும் போல. "சரிம்மா, வெந்நி வருமா?" என்று கேட்டேன்.

பிப்ரவரி 6

அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். வெள்ளியங்கிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பூப்போட்ட சட்டை எடுத்திருந்தார்களாம். வயசு ஐம்பத்தி நாலு.

"வர்றதுன்னா வா" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "ஆனா அங்க வர்றவங்க கூடெல்லாம் ரொம்ப ஒட்டாத. பொம்பளைங்க கதை பேசுவாங்க. நீ பாட்டுக்கு ரூம்ல இரு."

ரூமில் இருக்க ஏழு கடல் தாண்டிப் போக வேண்டுமா? எங்கள் வீட்டிலேயே மூன்று ரூம் இருக்கிறது.

ஆனாலும் வா என்று சொல்லிவிட்டார். தக்காளித் தொக்குக்குப் பழம் வாங்க வேண்டும். பருப்புப் பொடி கொஞ்சம் கூடவே அரைத்துவிடலாம், அவருக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

பிப்ரவரி 11

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

திலீபன் என்னை டீலர்களின் வாட்ஸப் குழுவில் சேர்த்தார். அரை மணி நேரத்தில் மழைபோலக் கொட்டியது. "வசந்தாமணி அக்கா தேறி வருவது கடவுள் கிருபை." "அக்கா வருவதால் எல்லோரும் மெதுவாக நடப்போம்." கும்பிடும் கைகள், அழும் முகங்கள், பழனி முருகன் படம். கீழே டூர் ஆபீஸ் பெண்: "வசந்தாமணி மேடத்துக்குக் கோவை ஏர்போர்ட்டிலும் மக்காவிலும் வீல் சேர் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது."

வேறு வசந்தாமணி யாரும் இருக்கிறார்களா என்று குழுவில் மேலும் கீழும் தேடினேன். இல்லை. நாமக்கல் ஜோதிமணி அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் அன்றைக்கு நான் போனை வைத்ததைப் பற்றிப் பேசவே இல்லை. "பேசப் பேசத்தானுங்க நாக்கு பழகும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது.

பாங்காக்கில் எல்லோரும் ஜோடியாக வந்திருக்க, இவர் மட்டும் வெள்ளியங்கிரியோடு போய் இறங்கியிருக்கிறார். எங்கே வீட்டம்மா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பக்கவாதம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு கை, ஒரு கால் வராது, பேச்சு குழறும் என்று. ஒன்பது வருடமாக நான் அவர்கள் எல்லோருக்கும் படுக்கையில் கிடக்கிறேன்.

"ஆத்துல படகுல போறமுங்க, அண்ணன் மட்டும் ஓரமா நின்னு போன் பண்ணிட்டிருந்தாரு. என்னன்னு கேட்டா, அவளுக்கு மாத்திரை குடுக்கற நேரம், மக மறந்துருவா அப்படின்னாருங்க. அன்னிக்கு நாங்க யாரும் சோறு திங்கல" என்றார் ஜோதிமணி அக்கா.

"அப்புறம்?" என்றேன்.

"உங்களுக்குத் தலை சீவி சடை போட்டு விடுவாராமா. எண்ணெய் வெச்சா உங்களுக்குச் சளி புடிக்கும்னு வெந்நீல துணிய நனைச்சுத் தொடைப்பாராமா. சோத்தைப் பெசஞ்சு, மொளகாய எடுத்துப் போட்டுட்டு ஊட்டுவாராமா. எங்கூட்டுக்காரருக்கு எனக்குப் பிடிச்ச காய் எதுன்னு கேட்டாத் தெரியாதுங்க."

"அப்புறம்?"

நான் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்று, பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து அரை மணி நேரம் நின்றார். பார்க்கிங்கில் வண்டி வெயிலில் நிற்கிறது என்று போய்விட்டார். சடை போட்டது கிருத்திகா. எண்ணெய் வைத்தால் எனக்குச் சளி பிடிக்கும் என்பது மட்டும் உண்மை. அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 12

கேட்டுவிட்டேன். கடையில் வைத்தே கேட்டேன்.

முதலில் இல்லை என்றார். பிறகு, வெள்ளியங்கிரிதான் சொன்னான் என்றார். பிறகு கத்தினார். "என்ன பண்றது? எல்லாரும் பொண்டாட்டியோட வந்துட்டு என்னையக் கொடையறானுங்க. ஏன் கூட்டிட்டு வரல, ஏன் கூட்டிட்டு வரலைன்னு. வாயில வந்தத சொன்னேன்."

"வந்தது பக்கவாதமா?"

"செத்துட்டான்னா சொன்னேன்? இருக்கறான்னுதானே சொன்னேன்!"

அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு பொய்யும் வேண்டியிருந்திருக்காதே என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்து, ஏதோ வியாபாரம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வீல் சேர்ல உக்காந்துக்க. க்யூவே இல்லாம நேரா உள்ள உடுவாங்க. மக்காவுல ஒரு நாள் கழிச்சு மெல்ல எந்திரிச்சு நட. காத்து மாறினதுல தேறிருச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்கு நட்டம்?"

பக்கத்தில் டர்பன்டைன் டின் இருந்தது. எடுத்து வீசவில்லை. கடைச் சாமான்.

பிப்ரவரி 13

பருப்புப் பொடி முழுவதையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 18

வீல் சேரில் உட்கார மாட்டேன், நொண்ட மாட்டேன், குழற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் சாம்பல் ஷூவைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பேன் என்றும் சொன்னேன்.

"என்ற மானத்த வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்ட."

"நீங்க என்ற காலையே வாங்கிட்டீங்க."

எழுந்து நின்று விரலை நீட்டினார். "அப்படின்னா நீ வந்தா நான் வரல. ஒத்தைல மக்காவுக்குப் போறியா? போ, பாக்கலாம். பாஷை தெரியுமா? பொம்பள தனியா அந்த ஊருக்குப் போறான்னா ஊரே சிரிக்கும்."

இருபத்தி ஆறு வருடமாக இந்த விரலை நீட்டினால் நான் அடங்குவேன். என் அண்ணன் மகள் சீர் விசேஷத்துக்கு அப்படித்தான் போகாமல் இருந்தேன். அவர் அதை நினைத்துத்தான் நீட்டியிருப்பார். பயமாகத்தான் இருந்தது. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தலை சீவி உடறீங்கன்னு சொன்னதையே நம்புனவங்க, இதுக்கா சிரிக்கப் போறாங்க? சரிங்க. நீங்க வர வேண்டாம்" என்றேன்.

பிப்ரவரி 25

வெள்ளியங்கிரி தூது வந்தான். "அண்ணி, அண்ணன் மனசு ஒடஞ்சு போயிட்டாரு" என்றான். அவர் உள்ளே டிவியில் கபடி பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வருசமா நீயும் கூட நின்னு தலையாட்டிருக்கற. என்ற வீட்டுல டீ குடிச்சுட்டு."

தலையைக் குனிந்தான். "நான் ஒரு தடவ, பேச்சு கொஞ்சம் வருதுன்னு சொன்னனுங்க அண்ணி" என்றான். என் வியாதியில் அவனுக்கும் ஒரு பங்கு. இன்றைக்கு டீ போடவில்லை.

மிஷினை ஓட்ட அவருக்கு இரண்டு நாளாகச் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்கவில்லை. கடைசி நிமிடத்தில் நான் போகமாட்டேன் என்று இன்னும் நம்புகிறார்.

மார்ச் 4

சிங்கப்பூர் போகும் விமானத்துக்காகக் கோவை ஏர்போர்ட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே மாறித்தான் மக்காவ் போக வேண்டும்.

விடியும்போது நான் கிளம்பினேன். அவர் புரண்டு படுத்தார், எழவில்லை. கதவு வரை போய் நின்று பார்த்தேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. கார் வந்துவிட்டது, போய்விட்டேன்.

ஏர்போர்ட் வாசலில் எங்கள் குழு நின்றது. ஒரு பையன் காலி வீல் சேரைப் பிடித்துக்கொண்டு என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றான். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து போய், "நான்தானுங்க வசந்தாமணி" என்றேன். ஜோதிமணி அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டார். உருண்டையான சின்ன அம்மா. என் வலது கையைத் தூக்கிப் பார்த்தார், விரல்களை மடக்கிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துக்கொண்டார். கூட இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வேண்டிக்கொண்டவர்கள், மொட்டை போட்டவர்கள், ஒருவர் எனக்காக வெள்ளிக்கிழமை கறி தின்பதை விட்டவர்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். எனக்கு ஒரு நாளும் பக்கவாதம் வந்ததில்லை, அந்த ஆள் பொய்யன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"அண்ணன் எங்கீங்க?" என்றார் ஜோதிமணி அக்கா. "இந்த நடைய கூட இருந்து பாக்க வேண்டாமா அவரு?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. ஆனால் சும்மாவும் விட முடியவில்லை.

"அவரு வர முடியலீங்க" என்றேன். "ஒன்பது வருசமா என்னையத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு போயிருச்சு. எந்திரிக்க முடியாது. படுக்கையிலயே எல்லாம். இப்ப நான்தான் தொடைச்சு உட்டுட்டு வர்றேன்."

ஒரே ஓலம். ஆண்கள் தொண்டையைச் செருமினார்கள். திலீபன் மட்டும் ஒன்றும் புரியாமல் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். வழியனுப்ப வந்த ஈரோட்டுக்காரர்கள் நான்கு பேர் திரும்பிப் போகும் வழியில் பழமும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று காரில் ஏறிவிட்டார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்த எலும்பு வைத்தியரையும் தாராபுரத்துக்கு அனுப்புகிறாராம்.

இப்போது என் போனில் அவரிடமிருந்து பதினான்கு அழைப்புகள். படுத்துக்கொண்டு கூப்பிடுகிறாரா, நின்றுகொண்டு கூப்பிடுகிறாரா தெரியாது. நான் எடுக்கவில்லை.

ஜோதிமணி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை விடாமல் பிடித்திருந்தார். "அப்படி ஒரு மனுசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் சாமி" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அதுவரை கல்லாட்டம் இருந்தவள், அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டேன். நடிப்பு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், நிற்கவில்லை. அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்து, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்காரரை நினைத்து அழுகிறாள், அழட்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். எனக்குச் சடை போட்டு, மிளகாயை எடுத்துப் போட்டுவிட்டுச் சோறு ஊட்டிய அந்த மனிதரை நினைத்துத்தான் அழுதேன். அவரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.